பழுவேட்டரையர் மறவன் கண்டனும் அவர்தம் குடும்பமும்

வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் எல்லைகளாக அமைய, இடையே பரந்து கிடக்கும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகள் வரலாற்றுச் செல்வம் நிறைந்தவை. கங்கைகொண்ட சோழபுரத்தை அறியாதார் இலர். இரஞ்சன்குடிக் கோட்டையும் வாலிகண்டபுரத்துக் கோயிலும் நெடுஞ்சாலையில் செல்வோர் கண்ணில் தாமே படுகின்றன. ஆயின் அரியலூரிலிருந்து திருமானூர் வழியாகத் தஞ்சை செல்லும் சாலையில், சிமெண்டு ஏற்றிய லாரிகளின் புழுதியினூடே நாம் நாள்தோறும் கடந்து செல்லும் கீழப்பழுவூர், ஒரு காலத்தில் சோழப் பேரரசுக்கே பெண் கொடுத்த குடியின் ஊர் என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அக்குடியினரே பழுவேட்டரையர்.

இப்பெயரை இன்று அறியாத தமிழர் இல்லை எனலாம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வன் அதனை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்த திரைப்படம் நாவலைப் படியாதாரிடமும் சேர்த்தது. உடலில் அறுபத்து நான்கு விழுப்புண் தாங்கிய முதியவர், முதுமையில் இளம்பெண் ஒருத்தியை மணந்து மதியிழந்தவர், நோயுற்ற மன்னனின் மக்களை விலக்கிவிட்டு வேறொருவனை அரியணை ஏற்றச் சதி செய்தவர் என்பதே மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட பழுவேட்டரையர். புதினம் எழுதுவோர்க்குக் கற்பனை உரிமை உண்டு. கல்கி அவர்கள் அவ்வுரிமையை மிகச் சிறப்பாகப் பயன்படுத்தினார்கள் என்பதில் ஐயமில்லை. நந்தினி என்னும் பாத்திரம் முழுக்க முழுக்க அவர்தம் படைப்பு. எனினும் பழுவேட்டரையர் அவ்வாறானவர் அல்லர். பெயரும் ஊரும் மரபும் உடைய ஒரு மெய்யான குடியின் மீது சதிகாரர் என்னும் பழி படிந்திருக்க, அக்குடியினர் வாழ்ந்த மாவட்டத்தைச் சார்ந்த நாம் அவர்தம் உண்மை வாழ்வை ஒருமுறையேனும் எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

நாவல் நிகழும் காலத்தில், அதாவது சுந்தர சோழன் ஆட்சியிலும் அடுத்து உத்தம சோழன் ஆட்சியிலும், பழுவூரை ஆண்டவராகக் கல்வெட்டுகள் காட்டும் தலைவர் மறவன் கண்டன் என்பார். கதையில் வரும் பெரிய பழுவேட்டரையரின் இடத்தில் வரலாறு நிறுத்தும் மனிதர் இவரே. இவர் வாழ்வைச் சொல்லப் புகுந்தால், முன்னோரையும் மக்களையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அக்காலக் கல்வெட்டு எவருக்கும் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை. கோயிலுக்கு விளக்கு வைத்ததையும், நிலம் விட்டதையும், வரி வகுத்ததையும் எழுதும்போது, போகிற போக்கில் ஆளைச் சொல்லிவிட்டுப் போகும். அவ்வளவே.

பழுவூர் என்பது இன்று போலவே அன்றும் ஒரே ஊர் அன்று. இன்றைய கீழப்பழுவூர் அன்று சிறுபழுவூர். அது குன்றக்கூற்றத்தைச் சேர்ந்த பிரமதேயம். மேலப்பழுவூர் மன்னுபெரும்பழுவூர் எனப்பட்டது. அதனை அடுத்த கீழையூர், அவனிகந்தர்ப்பபுரம் என்னும் அழகிய பெயருடன் விளங்கிற்று. கந்தர்ப்பன் என்றால் மன்மதன். உலகத்துக்கே மன்மதன் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட தலைவர் ஒருவரின் பட்டப்பெயர் ஊருக்கும் கோயிலுக்கும் ஆயிற்று. கீழையூரில் ஒரே மதிலுக்குள் இரண்டு கற்றளிகள் நிற்கக் காணலாம். இரட்டைக் கோயில் என்று ஊரார் வழங்கும் அவ்வளாகமே அவனிகந்தர்ப்ப ஈசுவரகிருகம். முன்மண்டபத்துத் தூண்களின் அடியில் அமர்ந்திருக்கும் சிங்கங்களும் வாயிற்காவலர் சிற்பங்களும் முற்காலச் சோழர் கலையைப் பயில்வோர் கட்டாயம் காண வேண்டியவை. தொலைவிலுள்ள கலைக்கூடங்களுக்கு மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்வதற்கு முன் இங்கே அழைத்து வரலாம் என்பது எம் கருத்து.

இக்குடியினர் எங்கிருந்து வந்தனர்? சுந்தர சோழன் காலத்து அன்பில் செப்பேடு ஒரு குறிப்புத் தருகிறது. அன்பில் இலால்குடிக்கு அருகில் உள்ள ஊர். அச்செப்பேடு அநிருத்தப் பிரமாதிராயர் என்னும் அமைச்சருக்கு மன்னன் அளித்த நிலக்கொடையைப் பதிவது. (இவ்வமைச்சரையும் நாவல் வாசகர் அறிவர்.) அது பழுவேட்டரையரைக் கேரள அரசர் எனக் குறிக்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பழுவூர் ஆலந்துறை மீது பாடிய பதிகமும் மலைநாட்டார் அங்கு வழிபட்டதைச் சுட்டுகிறது. இவ்விரண்டையும் இணைத்து, சேரநாட்டுத் தொடர்புடைய குடி ஒன்று கொள்ளிடத்தின் வடகரையில் வந்து வேரூன்றியது என்று ஆய்வாளர் கருதுவர்.

பெயர்களைக் கொண்டே இக்குடியின் வழிமுறையை ஒருவாறு கட்டிக்கொள்ளலாம். அக்கால வழக்கில் முன்னே நிற்பது தந்தை பெயர். பின்னே நிற்பது தம் பெயர். குமரன் கண்டன், குமரன் மறவன் என்னும் இருவர் ஆதித்த சோழன் காலத்தை ஒட்டி வருகின்றனர். இருவருக்கும் தந்தை பெயர் குமரன் என்பதால் உடன்பிறந்தார் எனக் கொள்வதில் தடையில்லை. அடுத்துப் பராந்தகன் காலத்தில் கண்டன் அமுதன் தோன்றுகிறார். பின்னர் நம் மறவன் கண்டன். அவருக்குப் பின் கண்டன் சுந்தரசோழன், கண்டன் மறவன் ஆகியோர். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் இருப்பதால், கண்டனும் மறவனும் மாறி மாறி வருவதில் வியப்பொன்றும் இல்லை. இவர்கள் பெயருக்கு முன் அடிகள் என்னும் மதிப்புச் சொல் சேர்ந்து வருவதும் உண்டு.

மறவன் கண்டனின் முன்னோருள் போர்க்களத்தில் பெயர் பெற்றவர் கண்டன் அமுதன். 915-ஐ ஒட்டி வெள்ளூர் என்னுமிடத்தில் நிகழ்ந்த பெரும்போரே அதற்குக் காரணம். பாண்டியன் இராசசிம்மன், முதலாம் பராந்தகனிடம் மதுரையை இழந்த நிலையில் இலங்கையின் துணையை வேண்டினான். இலங்கை வேந்தன் ஐந்தாம் காசியபன் தன் படைத்தலைவனின் கீழ்ப் படை அனுப்பினான். இரு நாட்டுப் படைகளும் ஒன்றுசேர்ந்து வந்தபோது, சோழர் பக்கம் நின்று பொருதவர்களில் பழுவேட்டரையர் கண்டன் அமுதனார் ஒருவர் எனப் பழுவூர்க் கல்வெட்டு கூறுகிறது. வெற்றி சோழரைச் சேர்ந்தது. இராசசிம்மன் முடியையும் அரசச் சின்னங்களையும் இலங்கையில் அடைக்கலம் வைத்துவிட்டுத் தன் தாய்வீடாகிய கேரளம் சென்றான். அம்முடியைச் சோழர் கைப்பற்ற நூறாண்டு ஆயிற்று. அதனைக் கொண்டுவந்தவன் முதலாம் இராசேந்திரன்.

வெள்ளூர் வெற்றியைச் சொல்லும் அக்கல்வெட்டும் வெற்றிப் பெருமிதம் பேசவந்த கல்வெட்டு அன்று, கோயில் கொடையைச் சொல்ல வந்ததே. அக்கால விளக்குக் கொடையின் முறை மாணவர்கள் அறியத்தக்கது. நந்தா விளக்கு ஒன்று எரியத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகள் அளிக்கப்படும். ஆடுகளைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்தாக வேண்டும். ஆடுகள் சாகலாம், மூப்படையலாம். ஆனால் குட்டிகள் பெருகி எண்ணிக்கையை நிரப்பும். ஆதலின் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றனர். கணக்கில் ஆடு சாவதுமில்லை, மூப்பதுமில்லை. வட்டி வாங்காமல் முதலைக் காத்த இத்தகைய ஏற்பாட்டை வணிகவியல் மாணவர்கள் தனியே ஆராயலாம்.

இனி, பழுவூர்க் குடும்பத்தின் மணவுறவுகளுக்கு வருவோம். நம் கட்டுரையின் நடுநாயகமான செய்தி இங்கேதான் உள்ளது.

முதலாம் பராந்தகன் (907–955) பழுவேட்டரையர் ஒருவரின் மகளை மணந்தான் என்றும், அவள் வயிற்றில் பிறந்தவனே அரிஞ்சயன் என்றும் அன்பில் செப்பேடு சொல்கிறது. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன். சுந்தர சோழன் மக்கள் ஆதித்த கரிகாலன், குந்தவை, இராசராசன். ஆகவே இராசராசனின் தந்தைக்குத் தந்தையைப் பெற்றவள் பழுவூர்ப் பெண். தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுத்த மாமன்னனுக்குக் கொள்ளுப்பாட்டி ஊர், நம் அரியலூருக்குத் தெற்கே உள்ள பழுவூர்.

இதனை நெஞ்சில் இருத்திக்கொண்டு நாவலின் சதியை மீண்டும் நோக்குக. கதையில் பழுவேட்டரையர், சுந்தர சோழன் மக்களை ஒதுக்கிவிட்டு, கண்டராதித்தர் மகனாகிய மதுராந்தகனை அரசனாக்க முயல்கிறார். மதுராந்தகனே பின்னர் உத்தம சோழன் என முடிசூடியவன். அவன் தாய் செம்பியன்மாதேவியார் மழவர் குடியில் பிறந்தவர். (அம்மழநாடும் நம் பகுதியே. திருமழபாடி அதன் நினைவைப் பெயரிலேயே தாங்கி நிற்கிறது.) பழுவூர்க் குருதி ஓடியது மதுராந்தகன் உடலில் அன்று, சுந்தர சோழன் உடலிலும் அவன் மக்கள் உடலிலும். தம் குடிப்பெண் வழிவந்த இளவரசர்களை வீழ்த்தப் பழுவேட்டரையர் ஏன் முனைய வேண்டும்? கதைக்கு அது சுவை தரலாம். உறவுமுறைக்குப் பொருந்தவில்லை.

கொடும்பாளூர் வேளிரும் பழுவேட்டரையரும் தீராப் பகைவர் என நாவல் காட்டுவதும் இத்தகையதே. அரிஞ்சயனுக்குத் தாய்வீடு பழுவூர். அவன் தேவியருள் ஒருவராகிய பூதி ஆதிச்சபிடாரி கொடும்பாளூர்க் குடியினர். திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தவர் அவரே. ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளுமாக இவ்விரு குடிகளும் அமர்ந்திருந்தன. மாமியார் மருமகள் என்றால் பகைதானே என்று நகைப்போரும் இருப்பர். அதனைக் கல்வெட்டு சொல்லவில்லை!

ஆதித்த கரிகாலன் கொலை 969-ஐ ஒட்டி நிகழ்ந்தது. அதுபற்றிய சான்று காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் இருக்கிறது. இராசராசனின் 2-ஆம் ஆட்சியாண்டில் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டு, ஆதித்தனைக் கொன்று துரோகிகளானவர் எனச் சோமன், அவன் தம்பி இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் நிலமும் அவர்தம் உறவினர் நிலமும் பறிக்கப்பட்டன. கொலைக்குப் பின்னணியில் உத்தம சோழன் இருந்திருக்கலாம் என நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. அறிஞர் வழக்கு அவ்வாறு நிற்க, அக்கல்வெட்டுப் பெயர்ப்பட்டியலில் பழுவேட்டரையர் எவரும் இலர். துரோகிகளின் உறவினர் நிலத்தையும் விட்டுவைக்காத இராசராசன், பழுவூரார்மீது கை வைத்ததற்குச் சான்றில்லை. மாறாக, அவன் ஆட்சியிலும் பழுவேட்டரையர் தம் ஊரைத் தாமே ஆண்டனர், கோயில் எடுத்தனர். குற்றவாளி வீட்டை அரசன் நடத்தும் முறை இதுவன்று.

இந்நிலையில் மறவன் கண்டனின் ஆட்சி எத்தகையது? அவர் தனியரசர் அல்லர். அவர் ஊர்க் கல்வெட்டுகள் சோழ மன்னரின் ஆட்சியாண்டையே குறித்துத் தொடங்குகின்றன. எனினும் தம் எல்லைக்குள் வரி வகுக்கும் உரிமை அவரிடம் இருந்தது. உத்தம சோழன் காலத்தில், பழுவூரில் தண்டப்படும் வரிகளை நந்திபுரத்தில் நடைமுறையில் இருந்த முறைப்படியே கொள்ள வேண்டும் என்று அவர் ஒழுங்கு செய்தார். நந்திபுரம் கும்பகோணத்தை அடுத்த பழம்பதி. சிறிய செய்தியாகத் தோன்றினும் இதில் ஒரு மனிதர் தெரிகிறார். தலைவர் நினைத்ததே வரி என்று இருந்திருக்கக்கூடிய ஊரில், இன்ன ஊரில் உள்ளபடி என்று ஓர் அளவுகோலைக் கல்லில் வெட்டி வைத்தால், பின்வரும் அதிகாரி கூட்டிக் கேட்க இயலாது. குடிகள் கல்லைக் காட்டி வாதிடலாம். நாவல் பழுவேட்டரையர் தனாதிகாரியாக நாட்டின் பொற்கிழிகளைத் தம் கையில் வைத்திருந்தார். கல்வெட்டுப் பழுவேட்டரையர் தம் கையைத் தாமே கட்டிக்கொண்டார். எமக்கு இரண்டாமவரே பெரியவராகப் படுகிறார்.

மறவன் கண்டன் தம் மகன் ஒருவர்க்குச் சுந்தரசோழன் என்று பெயரிட்டதும் நோக்கத்தக்கது. குடிப்பெயர்களாகிய கண்டனும் மறவனும் இருக்க, அரசன் பெயரை மகனுக்கு இடுவது பணிவின் அடையாளமாகவும் இருக்கலாம், உறவின் உரிமையாகவும் இருக்கலாம். அம்மன்னன் தம் குடிப்பெண்ணின் பேரன் அல்லவா? எவ்வாறாயினும், சுந்தர சோழனைச் சிறைவைத்தாற்போல் வைத்திருந்தவர் எனக் கதை சொல்லும் மனிதர், வீட்டில் தம் மகனை அப்பெயரால் நாள்தோறும் அழைத்திருப்பார்.

மற்றொரு மகன் கண்டன் மறவன் இராசராசன் காலத்தில் விளங்கியவர். மேலப்பழுவூரில் திருத்தோற்றமுடையார் கோயிலை எடுப்பித்தவர் அவரே. மேலும், இராசராசன் தேவியருள் ஒருவராகிய நக்கன் பஞ்சவன்மாதேவியார், அவனிகந்தர்ப்பபுரத்துத் தேவனார் மகள் எனக் குறிக்கப்படுகிறார். அவனிகந்தர்ப்பபுரம் பழுவூரே ஆதலின் அவரையும் இக்குடியுடன் இணைப்பர் ஆய்வாளர். அவ்வாறு கொண்டால், பராந்தகன் காலத்தில் ஒருமுறை பெண் கொடுத்த குடி, மூன்று தலைமுறை கழித்து மீண்டும் அவ்வீட்டுக்கே பெண் கொடுத்திருக்கிறது.

இவ்விடத்தில் உலக வரலாற்றோடு ஓர் ஒப்புமை. உடையார்குடிக் கல்வெட்டு பொறிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, 987-இல், பிரெஞ்சு நாட்டில் ஊக் கபே என்னும் பெருங்குடிப் பிரபு அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெயருக்கு அரசரே ஒழிய, நார்மண்டி, அக்கித்தேன் முதலிய நாடுகளை ஆண்ட பிரபுக்கள் தத்தம் பகுதியில் அவரினும் வலியவர். அங்கே மன்னரின் கை ஓங்க இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சோழ நாட்டில் காற்று எதிர்த்திசையில் வீசியது. இராசராசன் நாட்டை வளநாடுகளாகப் பகுத்தான். நிலம் முழுவதையும் அளக்கச் செய்தான். வரி நேரே அரசனின் அதிகாரிகளால் கணக்கிடப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு குடி தலைமுறை தலைமுறையாகத் தன் வரியைத் தானே வகுத்துக்கொள்ளும் நிலைக்கு அவ்வமைப்பில் இடம் குறைந்துகொண்டே வந்தது. பழுவேட்டரையர், இருக்குவேளிர் முதலிய பழங்குடிகளைப் போர்க்களத்தில் எவரும் வெல்லவில்லை. அளவுகோலும் கணக்கோலையும் அவர்களை மெல்ல மெல்லக் கரைத்தன. பெண் கொடுத்து வளர்த்த பேரரசே அவர்களை விழுங்கியது என்று சொன்னாலும் தவறில்லை.

முதலாம் இராசேந்திரன் காலத்தின் தொடக்கத்திற்குப் பிறகு பழுவூர்க் கல்வெட்டுகளில் பழுவேட்டரையர் எவரும் தலைவராகத் தோன்றவில்லை. கோயில்களில் விளக்குகள் தொடர்ந்து எரிந்தன, நிலங்கள் விற்கவும் வாங்கவும் பட்டன. ஆனால் அடிகள் என்னும் அடைமொழியுடன் ஆணையிடுவார் அங்கு இல்லை. அதே இராசேந்திரன்தான் பழுவூருக்குக் கிழக்கே, இதே மாவட்டத்தில், கங்கைகொண்ட சோழபுரத்தைப் புதிய தலைநகராக எழுப்பினான்.

பஞ்சவன்மாதேவியார் இறந்தபின், அவர்க்கு இராசேந்திரன் ஆட்சியில் பழையாறையை ஒட்டி ஒரு பள்ளிப்படை எடுக்கப்பட்டது. இராசேந்திரன் அவர் வயிற்றில் பிறந்த மகன் அல்லன், வானவன்மாதேவியின் மகன். பஞ்சவன்மாதேவீச்சுரம் எனப்பட்ட அச்சிறிய கற்றளி பட்டீச்சுரத்தில் இராமநாதசுவாமி கோயில் என்னும் பெயருடன் இன்றும் இருக்கிறது.